பெட்டி மூடியில் ஒரு வானம்

அனைவருக்கும் வணக்கம்.

மேசை மேல் இருக்கும் இந்தச் சின்ன ஸ்பிட்ஃபயரைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி இது. இறக்கை முனைக்கு முனை 6 அங்குலத்துக்குச் சற்று மேல். நிஜ விமானத்துக்கு அது 36 அடி 10 அங்குலம். 72-இல் ஒரு பங்கு. கடைசி வரிசை இங்கிருந்து சுமார் 35 அடி இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு இது, 2,520 அடி தள்ளி, அதாவது கிட்டத்தட்ட அரை மைல் தள்ளிப் பறக்கிற நிஜ ஸ்பிட்ஃபயர் தெரிகிற அதே அளவில்தான் தெரியும். 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரி விமானங்கள் செய்து கேட்டது. வருகிற விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று உருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல வீரர்களைப் பழக்கத்தான். அந்த மாதிரிகளும் இதே 72-இல் ஒரு பங்குதான்.

நான் பேச வந்தது இந்த மாதிரியின் பெட்டி மேல் படம் வரைந்த ஒரு மனிதரைப் பற்றி. ராய் கிராஸ். 1924 ஏப்ரலில் லண்டனில் பிறந்தார். 2024 ஏப்ரலில் நூறு வயதைத் தொட்டுவிட்டு, அதே மாதம் கண் மூடினார். பெட்டியைக் கையில் எடுத்த பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. படம் மட்டும் அறுபது வயதிலும் மறக்காது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் ஃபேரி ஏவியேஷன் என்ற விமானக் கம்பெனியில் தொழில்நுட்ப ஓவியராக இருந்தார். வேலை என்ன? கையேடுகளுக்குப் படம் போடுவது. பழுது பார்க்கிறவர் அந்தப் படத்தை நம்பித்தான் இயந்திரத்தில் கை வைப்பார். ஒரு குழாயை இடம் மாற்றி வரைந்துவிட்டால், படம் அழகாக இருக்கிறதே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். ஓவியக் கல்லூரி தர முடியாத கண்டிப்பை அந்த மேசை அவருக்குத் தந்தது என்பது என் எண்ணம். அப்புறம் விமானப் பத்திரிகைகளுக்கும், ஈகிள் என்ற சிறுவர் இதழுக்கும் வரைந்தார்.

இப்படி மாதிரிகள் செய்து விற்கிற ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1939-இல் தொடங்கியது. நடுவில் சீப்புகூடச் செய்து விற்றார்கள். 1953-இல் முதல் ஸ்பிட்ஃபயர் கிட், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகளின் தொகுப்பு, வந்தது. 1964-இல் கிராஸ் தாமாகவே அவர்களுக்குக் கடிதம் எழுதி வாய்ப்புக் கேட்டார். முதலில் கிடைத்தது டார்னியர் 217 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம். அதிலிருந்து பத்து வருடம், 1974 வரை, விமானமும் கப்பலுமாகப் பெட்டி பெட்டியாக வரைந்து தள்ளினார்.

அவர் படங்களை நான் பார்க்கும்போது கண் முதலில் போகிற இடம் வட்டங்கள். ஒரு விமானத்தில் எத்தனை வட்டம் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். சக்கரம், இயந்திரத்தின் வாய், சுழலும் புரொப்பெல்லர், இறக்கையில் தேசிய அடையாளம். விமானம் சாய்ந்து திரும்பும்போது இதில் ஒன்றுகூட வட்டமாகத் தெரியாது. எல்லாம் நீள்வட்டம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. ஒன்று பிசகினாலும் இறக்கை முறிந்தது போல இருக்கும். ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் மனசு ஒட்டாது. கிராஸ் படத்தில் விமானம் எப்படிப் புரண்டாலும் அந்த நீள்வட்டங்கள் பிசகுவதில்லை. புகையும் நெருப்பும் அதற்கு மேல் வந்தவை. எலும்பு சரியாக இருந்ததால்தான் அந்த ஆவேசம் நம்பும்படி இருந்தது.

இன்னொன்று. நிஜ விமானத்துக்கு அடித்த வண்ணத்தையே மாதிரிக்கும் அடித்தால் கறுத்துப் போய்த் தெரியும். தூரத்து விமானத்துக்கும் நமக்கும் நடுவே காற்று நிற்கிறது, அது நிறத்தை வெளுக்க வைக்கிறது. அதனால் மாதிரி செய்கிறவர்கள் வண்ணத்தில் துளி வெள்ளை கலப்பார்கள். ஓவியரும் அதைத்தான் செய்கிறார்: பின்னால் வருகிற விமானத்தை முன்னால் இருப்பதைவிட மங்கலாக, நீலம் கலந்து தீட்டுகிறார். பெட்டிக்கு வெளியே இருப்பவரும் உள்ளே இருப்பதை ஒட்டுகிறவரும் ஒரே தொழிலைச் செய்கிறார்கள். இருவரும் கொண்டுவரப் பார்ப்பது அந்த அரை மைல் காற்றை.

நான் முதன்முதலில் ஒட்டிய மாதிரியில் விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடியில் பசை பட்டுவிட்டது. தெளிவான பிளாஸ்டிக் பால் போல வெளுத்து, அதில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க இன்னும் மோசமானது. அழுகை வந்தது. அன்றைக்குப் பெட்டி மூடியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, உள்ளே விமானி தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அடுத்த கிட்டை வாங்க வைத்தது அந்தத் தலைதான்.

ஒரு காலத்தில் சிறுவர் பொருளில் சண்டை வேண்டாம் என்று, அவர் படங்களிலிருந்து வெடிப்பையும் சுடும் துப்பாக்கியையும் அழித்துவிட்டு அச்சிட்டார்கள். நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எதிரியும் குண்டும் இல்லாத வானத்தில் ஒரு விமானம் ஏன் அப்படி உடலை முறுக்கித் திரும்ப வேண்டும்? பாதி வாக்கியத்தை அழித்தது போலத்தான் அது எனக்குப் படுகிறது. பிறகு வந்த மறுபதிப்புகளில் சில, அவர் தீட்டியதை முழுசாகத் திரும்பத் தந்திருக்கின்றன.

1974-க்குப் பிறகு அவர் பாய்மரக் கப்பல்களுக்குப் போய்விட்டார். பழைய துறைமுகங்கள், கயிறுகள், ஈரமான பலகைகள். அங்கேயும் ஒவ்வொரு கயிறும் எங்கே போய் முடிகிறது என்று கணக்குப் பார்த்தே வரைந்தார்.

சரி, கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள். பெட்டியும் மாதிரியும் இங்கேயே இருக்கும். முதலில் மூடியை எடுத்து அந்தப் புரொப்பெல்லரைப் பாருங்கள். பிறகு இந்த ஸ்பிட்ஃபயரை அதே கோணத்தில் கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்.