நாயைப் பறிகொடுத்தவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வளர்த்த நாய் இறந்து சில நாள் ஆனவர்கள் மறுபடி ஒருமுறை எங்கள் மருத்துவமனைக்கு வருவதுண்டு. பிரிக்காத மாத்திரை அட்டைகள் மிச்சம் இருக்கும். வேறு எந்த நாய்க்காவது உதவட்டும் என்று கொண்டுவருவார்கள். கொடுத்த பிறகும் உடனே கிளம்ப மாட்டார்கள். சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "டாக்டர், எங்க பெரியப்பா தவறினப்போகூட நான் இப்படி அழலை. ஒரு நாய்க்குப் போய் இப்படி அழறேனே, எனக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல வருடங்களாக இந்தத் துக்கத்தைப் பக்கத்தில் நின்று பார்த்து வருகிற ஒரு கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன். நாய்க்காக அழுவதற்கு நீங்கள் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பெரியப்பாவின் மீது பாசம் இல்லாமல் இல்லை. அவர் வருடத்தில் சில நாள் வந்து போனவர். நாயோ உங்களுடைய ஒவ்வொரு நாளின் ஒவ்வொரு மணி நேரத்திலும் இருந்தது. காலையில் நீங்கள் கண் விழித்ததை அது முதலில் தெரிந்துகொண்டது. செருப்பைத் தேடினாலே வெளியே போகிறீர்கள் என்று எழுந்து நின்றது. வாசற்கதவைத் திறக்கும்போது அது பாய்ந்து ஓடிவிடாமல் இருக்க ஒரு முழங்காலை முன்னே வைத்து மறிப்பீர்கள் அல்லவா? நாய் போன பிறகும் அந்த முழங்கால் தானாக முன்னே போகும். அங்கே மறிக்க யாரும் இல்லை என்பது அதற்கு அடுத்த நொடியில்தான் உறைக்கும். உடம்பு பழகிய பழக்கத்தை மனம் ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது. ஒரு நாளைக்கு இருபது இடத்தில் இப்படித் தடுக்கி விழுந்தால் யாருக்குத்தான் அழுகை வராது?

இந்தப் பிணைப்பு நம் கற்பனை இல்லை என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடியது. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையிலான பிணைப்பில் வேலை செய்கிற அதே ஹார்மோன்தான் இது. மனிதர்கள் கையில் வளர்ந்த ஓநாய்களை வைத்துப் பார்த்தபோது இந்த விளைவு கிடைக்கவில்லை. அதே 2015-இல் அமெரிக்காவின் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுத்திருக்கப் பழக்கிய நாய்களுக்குப் பலவிதமான வாசனைகளைக் காட்டினார்கள். மூளையில் இன்பத்தை எதிர்பார்க்கும் பகுதி மிக அதிகமாக விழித்துக்கொண்டது, பழக்கமான மனிதரின் வாசனைக்கு. அந்த மனிதர் அப்போது அந்த அறையிலேயே இல்லை. நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் உங்கள் பழைய சட்டை மேல் அது ஏன் படுத்துக்கொண்டது என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

இன்னும் பின்னோக்கிப் போகலாம். என் மனதை விட்டு அகலாத ஒரு நாய்க்குட்டி உண்டு. 1914-இல் ஜெர்மனியில் பான் நகரை அடுத்த ஓபர்காசெல் என்ற இடத்தில் கல் உடைக்கிற தொழிலாளர்கள் ஒரு பழைய கல்லறையைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாயின் எலும்புகள். அந்தக் கல்லறைக்கு வயது சுமார் 14,000 ஆண்டுகள். அப்போது பயிர்த்தொழிலே கிடையாது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் அந்த நாயின் பற்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. பல்லின் எனாமலில் இருந்த சேதத்தைக் கொண்டு, 19 வாரக் குட்டியாக இருந்தபோது அதற்கு டிஸ்டெம்பர் நோய் தாக்கியிருக்க வேண்டும் என்று கணித்தார்கள். சுமார் 28 வார வயதில் அது இறந்திருக்கிறது.

டிஸ்டெம்பர் என்றால் என்ன என்பது எங்களுக்குத்தான் தெரியும். கண்ணும் மூக்கும் சீழ் வடிந்து ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல், வாந்தி, பேதி, பிறகு வலிப்பு. அந்த வைரஸைக் கொல்கிற மருந்து இன்றைக்கும் எங்கள் கையில் இல்லை. செய்ய முடிவதெல்லாம் பணிவிடைதான். ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துத் திறந்துவிட வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊட்ட வேண்டும். குளிர் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அசுத்தப்படுத்திக்கொண்டால் கழுவிவிட வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லாத குட்டி சில வாரங்களிலேயே போய்விடும். ஓபர்காசெல் குட்டி அத்தனை வாரம் தாக்குப்பிடித்திருக்கிறது. அந்த நிலையில் அது வேட்டைக்கு உதவியிருக்காது, காவலும் காத்திருக்காது. ஆனாலும் பனியுகத்து மனிதர் யாரோ ஒருவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கண்ணைத் துடைத்திருக்கிறார். செத்த பிறகு தங்கள் மனிதர்களோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். டிஸ்டெம்பர் வந்த குட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு யாராவது உள்ளே வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் குட்டியின் நினைவு வருகிறது.

அவ்வளவு பழைய பந்தத்தின் துக்கத்துக்கு நாம் வாழும் சமூகம் மரியாதை கொடுப்பதில்லை. மனிதர் இறந்தால் வேலையிடத்தில் விடுப்பு உண்டு, துக்கம் விசாரிக்க ஆட்கள் உண்டு. நாய் இறந்த மறுநாள் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். கண் சிவந்திருப்பதற்குச் சளி பிடித்திருக்கிறது என்று காரணம் சொல்ல வேண்டும். இப்படிச் சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒத்துக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1989-இல் எழுதினார். அழுவதற்கு இடம் கிடைக்காதவர்களுக்கு துக்கம் இன்னும் சிக்கலாகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். இடம் தேடுகிற தவிப்பு புதிதில்லை. லண்டன் ஹைட் பார்க்கில் 1881-இல் செர்ரி என்ற நாயை, அங்கிருந்த வாயிற்காவலரிடம் கேட்டு அவர் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்க, அந்தச் சின்னத் தோட்டம் நூற்றுக்கணக்கான குட்டிக் கல்லறைகளால் நிறைந்துவிட்டது.

நண்பர் ஒருவர் நாயை இழந்திருந்தால் தயவுசெய்து "இன்னொண்ணு வாங்கிக்கலாம்ல" என்று சொல்லாதீர்கள். அந்த நாயின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "அது என்னைப் பார்த்தாலே ஷூ லேஸைக் கடிக்கும்" என்று உங்களுக்கு நினைவிருக்கிற ஒன்றைச் சொல்லுங்கள். அவர் அழுதால் அழட்டும்.

மனிதர்களின் மரணத்தில் இல்லாத ஒரு பாரம் நாயின் மரணத்தில் பலருக்கு வந்து சேர்கிறது. எப்போது என்று முடிவு செய்ய வேண்டிய பாரம். குணமாகாத நோயில் வதைபடும் நாய்க்கு வலியில்லாமல் உயிர் பிரிய ஊசி போட்டுவிடலாமா என்று குடும்பமே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒருவர் சொல்வார். "இன்னைக்கு வாலை ஆட்டுச்சு" என்று இன்னொருவர் சொல்வார்.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் இதற்காக ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். வலி, பசி, உடம்பின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமாக இருக்கிறதா என்பது ஆக ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். நன்றாக இருந்தால் பத்துக்குப் பக்கம். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வீட்டில் வைத்துப் பராமரிப்பதைத் தொடரலாம். வலி என்பதற்குள்ளேயே மூச்சுவிடச் சிரமப்படுகிறதா என்பதும் அடங்கும். மூச்சுத் திணறல் இருந்தால் மற்ற மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. நான் இதோடு ஒன்று சொல்வேன்: ஒரு காலண்டரில் தினமும் இரவு நல்ல நாளா கெட்ட நாளா என்று குறித்து வாருங்கள். ஒரு வாலாட்டலை வைத்து ஒரு நாளை எடை போடுகிற மனம், இரண்டு வாரத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது வேறு மாதிரி யோசிக்கும்.

அந்த ஊசி போடும் அறையில் என்ன நடக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தெரியாததால்தான் பயம் அதிகம். பெரும்பாலும் முதலில் ஒரு மயக்க மருந்து தருவோம். நாய் அமைதியாகிப் படுத்துவிடும். பிறகு முன்னங்கால் ரத்தக்குழாயில் ஊசி மாட்டி, பென்டோபார்பிட்டால் போன்ற மருந்தை அதிக அளவில் செலுத்துவோம். சில நொடிகளில் நினைவு போய்விடும். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். நாங்கள் ஸ்டெதஸ்கோப் வைத்து உறுதி செய்த பிறகே சொல்வோம். கண்கள் மூடாது, திறந்தே இருக்கும். சிறுநீர் போகலாம். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலத் தெரியலாம், தசை துடிக்கலாம். அதற்கு வலி தெரியும் நிலையெல்லாம் அப்போது கடந்துபோயிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அந்தக் கடைசி இழுப்பைப் பார்த்தவர்கள் ஊசி வேலை செய்யவில்லையோ, வதைத்துவிட்டோமோ என்று மாதக்கணக்கில் வேதனைப்படுகிறார்கள்.

"நான் உள்ளே இருக்கணுமா?" என்று கேட்பவர்களிடம், முடிந்தால் இருங்கள் என்பேன். நாய்க்குப் புரிகிற மொழி உங்கள் வாசனையும் குரலும்தான். தலைப்பக்கம் உட்கார்ந்து, வழக்கமாகக் கூப்பிடுகிற பெயரில் வழக்கமாகப் பேசுகிறதைப் பேசினால் போதும். முடியாதவர்கள் வெளியே நிற்கலாம். மயங்கும்வரை கூட இருந்துவிட்டு எழுந்து போகலாம். அவர்களுக்குப் பாசம் குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இதன் பிறகு வருகிற குற்ற உணர்ச்சிதான் துக்கத்தைவிட அதிக நாள் தங்குகிறது. "முந்தின வாரமே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருக்குமா?" இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. பல நோய்கள் நாயின் உடம்பில் ஓசையில்லாமல் வளர்பவை. சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகுதான் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அதிகமாகச் சிறுநீர் போவது போன்ற அறிகுறிகளே தெரியும். மண்ணீரலில் வருகிற ஒருவகைப் புற்றுக்கட்டி அதைவிடக் கொடியது. காலையில் பந்தைத் துரத்திய நாய், கட்டி உடைந்து உள்ளே ரத்தம் கசிந்து, மாலையில் ஈறு வெளுத்துச் சாய்ந்துவிடும். அந்தக் காலையில் நான் பார்த்திருந்தாலும் நல்ல நாய் என்று தட்டிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பேன். நீங்கள் கவனிக்கத் தவறியதாக நினைப்பதில் பெரும்பகுதி, கவனிக்கவே முடியாதது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். "தூங்க வச்சிட்டோம்" என்று சொல்லக் கேட்ட சின்னக் குழந்தை இரவு தானே தூங்கப் பயப்படும். "ஓடிப்போச்சு" என்று சொன்னால் வாசலிலேயே காத்திருக்கும், தன் மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டதோ என்று யோசிக்கும். அதன் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி அது வராது, அதற்கு நீ காரணமில்லை என்று சொன்னால் குழந்தை அழும், கேள்வி கேட்கும், பிறகு விளையாடப் போகும், திரும்ப வந்து அழும். அது சரியான அழுகைதான்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதுவும் ஏதோ ஒன்றை இழந்திருக்கிறது. இத்தாலியில் நடத்தி 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், கூட இருந்த நாய் இறந்த பிறகு மீதமிருந்த நாயின் போக்கு மாறியதாக வளர்ப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் சொன்னார்கள். விளையாட்டு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, ஆளை விட்டு நகராமல் சுற்றியது. சாப்பாட்டு நேரத்தையும் நடை நேரத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள். இரண்டு மூன்று நாளாகியும் சாப்பிடவில்லை என்றால் துக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுபோல, வாரங்கள் கடந்தும் உங்களுக்கே தூக்கமும் சாப்பாடும் ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போய், நாய் இறந்துவிட்டது என்றே காரணத்தைச் சொல்லுங்கள்.

புதிய நாயை எப்போது கொண்டுவருவது என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஒரு மாதத்தில் கொண்டுவந்தவரும் நிம்மதியாக இருக்கிறார், ஐந்து வருடம் ஆகியும் வேண்டாம் என்பவரும் நிம்மதியாக இருக்கிறார். அழுகிறவருக்குத் தெரியாமல் ஒரு குட்டியை வாங்கி வந்து மடியில் வைப்பதை மட்டும் நான் விரும்புவதில்லை. பழைய நாயின் சாயலை அந்தக் குட்டியிடம் தேடி ஏமாந்து, அதை ஒதுக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், குட்டி என்ன செய்யும்?

கடைசியாக, இப்போது இந்த உரையைக் கேட்கிற நேரத்தில் காலடியில் வயதான நாய் படுத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது சில விஷயங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் யாரை அழைப்பது, ஊசி போட வீட்டுக்கே வருவார்களா, உடலை எங்கே அடக்கம் செய்யலாம் அல்லது எரியூட்டலாம், வீட்டில் யார் கூட இருக்க விரும்புகிறார்கள். நாய் நன்றாக இருக்கும்போது இதைக் கேட்பது அபசகுனம் இல்லை. ஈறு வெளுத்த நாயைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கும்போது போன் நம்பர் தேடுவது மிகவும் கஷ்டம்.

நன்றி. வணக்கம்.