யாரோட ஒப்பிட்டு நல்லாயிருக்கு?

நேயர்களுக்கு வணக்கங்க. மனநலம் பத்தி பத்துப் பதினஞ்சு நிமிஷம் எதுவேணா பேசுங்கன்னு வானொலி நிலையத்துலேந்து போன் பண்ணாங்க. டென்ஷன் இல்லாம இருக்கிறது எப்படின்னு நான் பேசுவேன்னு நெனச்சிருப்பாங்க, அத நெறய பேரு பேசிட்டாங்க, அதனால நான் வேற ஒண்ண எடுத்துக்கிறேன். கவுன்சிலிங், தெரபின்னு சொல்றோமே, ஒரு ஆளு எதிர்ல உக்காந்து பேசிப்பேசியே மனசச் சரி பண்றது, அது நெசமாவே வேலை செய்யுதான்னு எப்புடிங்க கண்டுபிடிக்கிறாங்க? மாத்திரைன்னா ரத்தத்துல பாக்கலாம், காய்ச்சல்னா தெர்மாமீட்டர் வைக்கலாம். பேச்ச எதுல வச்சு அளக்குறது?

இதுக்கு நான் படிச்ச புஸ்தகத்துலேந்து ஆரம்பிக்கல, எங்கப்பாகிட்டேந்து ஆரம்பிக்கிறேன். அவரு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துல வயக்கூலி. 1922ல ஆரம்பிச்ச எடம் அது, ஆடுதுறை 36, ஆடுதுறை 43ன்னு நம்ம குறுவைக்குப் போடுற நெல்லெல்லாம் அங்கேந்து வந்ததுதான். லீவு நாள்ல என்னையும் கூட்டிட்டுப் போவாரு. நம்ம வயல் மாதிரி இருக்காது, சின்னச்சின்னப் பாத்தியா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு மரக்குச்சி, குச்சியில நெல்லு பேரு கெடயாது, வெறும் நம்பரு. அதுலயும் ஒரே நம்பரு நாலு எடத்துல இருக்கும். ஏம்ப்பா ஒரே நெல்ல நாலு எடத்துல நட்டிருக்கீங்கன்னு கேட்டேன். "தலைமடையில போட்டா எந்த நெல்லும் வெளையும் பாப்பா, கடைமடையில போட்டா எந்த நெல்லும் காயும். நெல்லு நல்லதா, மண்ணு நல்லதா, பிரிச்சுப் பாக்க வேணாமா? அதான் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி மாத்தி மாத்தி போடச் சொல்றாங்க"ன்னாரு. அஞ்சாங்கிளாஸ் தாண்டாத மனுசன். அப்புறம் நான் எம்எஸ்சி சைக்காலஜி சேந்து ரிசர்ச் மெத்தட்ஸ்னு ஒரு பேப்பர் வந்துச்சு, கிளாஸ்ல பாதிப்பேருக்கு அத கண்டாலே அலர்ஜி, எனக்கு மட்டும் எங்கேயோ கேட்ட கத மாதிரியே இருந்துச்சு.

கேட்ட கததான். அந்தக் குலுக்கல் ஆஸ்பத்திரியில பொறக்கல, வயல்லதான் வளந்துச்சு. ரொனால்ட் ஃபிஷர்னு ஒரு கணக்குக்காரரு, 1919ல இங்கிலாந்துல ராதம்ஸ்டெட்ங்கிற விவசாய ஆராய்ச்சி நிலையத்துல வேலைக்குச் சேந்தாரு. எந்தப் பாத்திக்கு எந்த ஒரம்னு நம்ம இஷ்டத்துக்கு முடிவு பண்ணக்கூடாது, குலுக்கல் பண்ணணும், அப்பத்தான் மண்ணோட வித்தியாசம் எல்லா பக்கமும் பரவலா விழும்னு சொன்னவரு அவருதான். அதே மொறையில டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின்ங்கிற மருந்தக் குடுத்துப் பாத்தாங்க, 1948ல முடிவு வந்துச்சு, 107 நோயாளி, மருந்து வாங்குன 55 பேர்ல ஆறு மாசத்துல எறந்தது 4, படுக்கையில ஓய்வு மட்டும் எடுத்த 52 பேர்ல 14. நம்ம மெட்ராஸ்லயும் டிபி நோயாளிங்கள வீட்டுல வச்சு வைத்தியம் பாத்தாலே போதுமா, சானட்டோரியம், அதாவது டிபிக்குன்னே இருக்க ஆஸ்பத்திரி வேணுமான்னு இதே மாதிரி குலுக்கிப் பாத்து, வீடே போதும்னு 1959ல உலகத்துக்கே சொன்னாங்க. அத யாரும் பெருசா பேசுறதில்ல, எனக்கு அதுல ஒரு வருத்தம் உண்டு.

சரி, மனசுக்கு வருவோம். 1952ல லண்டன்ல ஹான்ஸ் ஐசென்க்னு ஒரு சைக்காலஜிஸ்ட் ஒரு குண்டு போட்டாரு. அதுவரைக்கும் வந்த 24 ஆய்வ கூட்டிப்பாத்து, தெரபிக்குப் போனாலும் போவாட்டியும் மனக்கஷ்டத்துல இருக்கவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேரு ரெண்டு வருஷத்துல தேறிடுறாங்க, அப்புறம் எதுக்கு தெரபின்னு எழுதிட்டாரு. எங்க தொழில்ல இருக்க அத்தன பேருக்கும் வயித்துல புளியக் கரச்சது. ஆனா அவரு தெரபிக்குப் போவாதவங்கன்னு யார எடுத்தாருன்னு பாருங்க, அரசு ஆஸ்பத்திரியில சேத்தவங்க, அப்புறம் உடம்புக்கு முடியலன்னு இன்சூரன்ஸ் பணம் வாங்கிட்டு சாதாரண டாக்டர்கிட்ட பாத்தவங்க. யாரும் யாரையும் குலுக்கிப் பிரிக்கல. தலைமடை நெல்லயும் கடைமடை நெல்லயும் பக்கத்துல வச்சு மகசூல் பேசுன கததான்.

இருந்தாலும் அவரு கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஏன்னா மனக்கஷ்டம் ஏறி எறங்குற சமாச்சாரம். ஒருத்தரு எப்ப எங்கிட்ட வர்றாரு? முடியலடா சாமின்னு ஆவுறப்ப வர்றாரு, அதாவது உச்சத்துல இருக்கப்ப. கொள்ளிடத்துல வெள்ளம் கரையத் தொடுற அன்னிக்கு தேங்கா ஒடச்சா நாலு நாள்ல தண்ணி எறங்கத்தான் செய்யும், தேங்காயால எறங்குச்சா? இதுல கோயில கிண்டல் பண்ணல நான். திருச்சி பக்கம் குணசீலம் கோயில்ல மனசு சரியில்லாதவங்க 48 நாள் தங்குற பழக்கம் நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும், எங்க சொந்தத்துலயே போயிருக்காங்க. 2002ல வந்த ஒரு ஆய்வுல ரகுராம்ங்கிற சைக்யாட்ரிஸ்ட்டும் மத்தவங்களும் தமிழ்நாட்டுல முத்துசாமி கோயில் ஒண்ணுல தங்கியிருந்த 31 பேர வரும்போதும் போவும்போதும் அளந்தாங்க, சராசரியா ஆறு வாரம் தங்குனவங்க, நோயோட ஸ்கோர் கிட்டத்தட்ட 20 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு. நல்ல சேதிதான். ஆனா அதே மாதிரி 31 பேரு அதே ஆறு வாரம் வீட்டுல சும்மா இருந்திருந்தா எவ்வளவு கொறஞ்சிருக்கும்? ஒப்பிட ஆளு இல்ல. என் க்ளினிக்குக்கும் அதே கேள்விதான், நான் மட்டும் என்ன ஒசத்தி.

1977ல மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ்னு ரெண்டு பேரு 375 ஆய்வ ஒண்ணாச் சேத்து ஒரே கணக்காப் போட்டாங்க, மெட்டா அனாலிசிஸ்னு பேரு. தெரபி எடுத்த சராசரி ஆளு, எடுக்காதவங்கள்ல 100க்கு 75 பேர விட நல்லாயிருக்காருன்னு வந்துச்சு. ஐசென்க் ஒத்துக்கல, இது மகா முட்டாள்தனம்ங்கிற மாதிரி தலைப்பே வச்சு பதில் எழுதினாரு. பழைய ஆளுங்க சண்டையிலயும் ஒரு அழகு இருக்கு.

அளக்குறது எப்புடின்னு கேட்டேன்ல, அதுக்கு வர்றேன். டிப்ரஷன், அதாவது மனச்சோர்வு எவ்வளவு இருக்குன்னு பாக்க பிஎச்க்யூ-9னு ஒரு பாரம் இருக்கு, 2001லேந்து ஒலகம் பூரா ஓடுது. ஒம்போது கேள்வி, போன ரெண்டு வாரத்துல எத்தன நாளு அப்புடி இருந்துச்சுன்னு சைபர்லேந்து மூணு வரைக்கும் மார்க்கு, மொத்தம் 27, பத்தோ அதுக்கு மேலயோ வந்தா கவனிக்கணும். 2018 கஜா புயலுக்கு அப்புறம் பேராவூரணி பக்கம் ஒரு பெரியம்மாகிட்ட இத வச்சுக்கிட்டு உக்காந்தேன். தென்னந்தோப்பு மொத்தமா சாஞ்சு கெடக்கு, அடிமரத்து மேலேயே உக்காந்து பேசுறோம். மொத கேள்வி, செய்யுற காரியத்துல ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம இருந்துச்சான்னு. அவங்க என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஆர்வம் என்னம்மா ஆர்வம், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னா காட்டித்தானே ஆவணும், அதுக்கு யாரு ஆர்வம் பாத்தா"ன்னாங்க. இதுக்கு நான் சைபரு போடுறதா மூணு போடுறதா? அப்புறம் கேள்விய மாத்தி, புயலுக்கு முன்னாடி எத நெனச்சா உங்களுக்கு வெடிஞ்சதும் எந்திரிக்கத் தோணும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. "காலையில தோப்புக்குள்ள போனா விழுந்த காய எண்ணுவேன், எண்ணிக்கிட்டே ஒரு சுத்து வருவேன். இப்ப எண்ண என்ன இருக்கு"ன்னாங்க. மூணு போட்டேன். ஆனா நான் கேள்விய மாத்திட்டேன் பாருங்க, அதுவும் தப்பு, ஆளுக்கு ஆளு மாத்திக் கேட்டா என் ஸ்கோரும் இன்னொருத்தர் ஸ்கோரும் ஒரே மரக்கால்ல அளந்ததா ஆவாது. அதனாலதான் இங்கிலீஷ்லேந்து தமிழுக்கு மாத்துன பாரத்த, வேற ஒருத்தர விட்டு திருப்பி இங்கிலீஷுக்கு மாத்தச் சொல்லி ரெண்டையும் ஒப்பிட்டு, நம்ம ஜனங்ககிட்ட ஓட்டிப் பாத்து, அப்புறந்தான் ட்ரையலுக்கு, அதாவது குலுக்கிப் பிரிச்சு ஒப்பிடுற ஆய்வுக்குப் போவணும். அந்தப் பெரியம்மாவுக்கு மொத்தம் 17 வந்துச்சு.

ஒழுங்கா நடந்த ஒண்ணச் சொல்லணும்னா கோவாவுல நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்றவங்கள்ல டிப்ரஷன் கடுமையா இருந்த 495 பேர குலுக்கி ரெண்டாப் பிரிச்சாங்க, 2017ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. ஒரு பாதிக்கு டாக்டர் பாக்குறதோட சேத்து ஆறுலேந்து எட்டு தடவ பேச்சு, இன்னொரு பாதிக்கு டாக்டர் வழக்கமா பாக்குறதே, கொஞ்சம் மேம்படுத்தி. பேசுனவங்க சைக்காலஜிஸ்ட் இல்ல, அந்த ஊரு சாதாரண ஜனங்க, ட்ரெய்னிங் எடுத்தவங்க. மூணு மாசம் கழிச்சு பேச்சு கெடச்சவங்கள்ல 64 சதவீதம் பேரு டிப்ரஷன் அளவுக்குக் கீழ எறங்கியிருந்தாங்க, மத்தவங்கள்ல 39. அந்த 39அ கவனிங்க. அது இல்லன்னா 64ஐயும் நாம தெரபி கணக்குலயே எழுதியிருப்போம். கடைசியில அளக்கப் போனவங்களுக்கு யாரு எந்த க்ரூப்புன்னு தெரியாது. மாத்திரைன்னா நோயாளிக்கே தெரியாம மருந்தே இல்லாத வெறும் மாத்திர குடுத்து வைக்கலாம், பேச்சுல அது முடியாது, எங்கிட்ட ஒருத்தரு வந்து பேசிட்டுப் போனாரான்னு எனக்குத் தெரியாமலா போவும். அதனால அளக்குறவங்க கண்ணயாவது கட்டிடுறாங்க, ஆடுதுறையில குச்சியில பேரு போடாம நம்பரு போட்ட மாதிரி.

ஆளு ஆளாக் குலுக்க முடியாத எடமும் உண்டு. பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கம் டிப்ரஷன்ல இருந்த கிராமத்து தாய்மாருக்கு, ஊருக்குள்ள சுத்துற சுகாதாரப் பெண் பணியாளருங்களே தெரபி குடுத்தாங்க, 2008ல வந்த ஆய்வு, 903 தாய்மாரு. ஒரே தெருவுல ஒரு வீட்டுக்குச் சொல்லிக்குடுத்து பக்கத்து வீட்டுக்குச் சொல்லாம இருந்தா என்னாவும்? சாயங்காலம் ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்தா வரப்பு ஒடஞ்ச மாதிரி இங்கேந்து அங்க பாஞ்சுடும். அதனால 40 பகுதியாப் பிரிச்சு பகுதி பகுதியா குலுக்கினாங்க. ஆறு மாசத்துல தெரபி கெடச்ச பகுதியில 23 சதவீதம் பேருக்குத்தான் டிப்ரஷன், மத்ததுல 53.

இதெல்லாம் நல்ல கத. கெட்ட கதையும் ஒண்ணு இருக்கு, அதுல நானும் இருக்கேன். 2004 சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல எறந்து போனாங்க. நான் அப்ப மாணவி, வாலண்டியரா போனேன். எங்கள வட்டமா உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் சொல்லிக்குடுத்தது என்னன்னா, பாதிக்கப்பட்டவங்கள சுத்தி உக்கார வச்சு அன்னிக்கு என்ன பாத்தீங்க, என்ன கேட்டீங்க, எல்லாத்தையும் கொட்டச் சொல்லணும், உள்ள வச்சா நோயாயிடும்னு. செஞ்சோம். ஒரு அண்ணன் பாதியிலயே எந்திரிச்சு கடல் பக்கம் பாக்காம ரோட்டு பக்கமா நடந்து போயிட்டாரு, நாங்க அவர ஒத்துழைக்காதவருன்னு எழுதிக்கிட்டோம். நாங்க அங்க போறதுக்கு முன்னாடியே இத அளந்து பாத்திருக்காங்கன்னு பின்னாடிதான் படிச்சேன். டிப்ரீஃபிங்னு பேரு. தீக்காயம் பட்டவங்கள குலுக்கிப் பிரிச்சுப் பண்ணி 1997ல வந்த ஒரு ட்ரையல்ல, 13 மாசம் கழிச்சு பிடிஎஸ்டி, அதாவது அந்தச் சம்பவம் மறுபடி மறுபடி வந்து ஆட்டுற நோயி, கொட்டவச்சவங்கள்ல 26 சதவீதம், சும்மா விட்டவங்கள்ல 9. நேர்மையாச் சொல்லணும்னா கொட்டவச்ச க்ரூப்புல ஆரம்பத்துலயே காயம் கொஞ்சம் கடுமை, சின்ன கூட்டத்துல குலுக்கலும் சில சமயம் காலவாரும். ஆனா ரோடு விபத்துல அடிபட்டவங்கள வச்சு மூணு வருஷம் பின்தொடந்து 2000ல வந்ததும் அதே பக்கந்தான் காட்டுச்சு, ஆரம்பத்துல ரொம்ப கலங்கிப் போயிருந்தவங்கதான் கொட்டவச்சதால தேறாம நின்னாங்க. நல்ல மனசோட செஞ்சோம்ங்கிறது எங்களுக்கு ஆறுதல். அந்த அண்ணன் எந்திரிச்சுப் போனது சரியாத்தான் இருந்திருக்கும்போல.

எந்திரிச்சுப் போனவங்கன்னதும் ஞாபகம் வருது. அதுக்கப்புறம் நான் வேல பாத்த ஒரு எடத்துல, பேரு வேணாம், ஒரு திட்டம் முடிஞ்சு ரிப்போர்ட் போட்டாங்க, அமோக வெற்றின்னு. கடைசி நாள் வந்து பாரம் எழுதுனவங்கள மட்டும் வச்சு கணக்கு. மொத நாள் வந்தவங்கள்ல பாதிக்கு மேல ஆளயே காணோம், அவங்கள்லாம் கணக்குலயே இல்ல. கருகிப்போன நாத்த விட்டுட்டு நிக்கிற நாத்த மட்டும் எண்ணி மகசூல் சொல்றது இது. குலுக்கல்ல யாரு பேரு விழுந்துச்சோ அவங்க ஒரே ஒரு நாள் வந்துட்டு நின்னாலும் கடைசி வரைக்கும் அந்த க்ரூப்பு கணக்குலதான் இருக்கணும், அதான் மொற. நான் அத சொன்னதுக்கு அடுத்த வருஷம் எனக்கு அங்க வேல இல்ல. போவட்டும்.

பெரிய எடத்துலயும் இது உண்டு. அமெரிக்க அரசு பணம் குடுத்த டிப்ரஷன் தெரபி ட்ரையல் 55அ தேடி எடுத்து 2015ல பாத்தாங்க, அதுல 13 வெளியவே வரல. அந்த முடிவையும் கேட்டு வாங்கிச் சேத்ததும் தெரபியோட பலன் நாலுல ஒரு பங்கு கொறஞ்சுது. கொறஞ்சுதே தவிர இல்லாமப் போவல. இப்பல்லாம் ஆரம்பிக்கிறப்பவே எத அளக்கப்போறோம்னு பதிவு பண்ணிடணும், நம்ம நாட்டுக்கும் 2007லேந்து அதுக்கு ஒரு பதிவேடு இருக்கு, யாரு வேணா இன்டர்நெட்ல பாக்கலாம்.

பேராவூரணி பெரியம்மாவ ஆறு மாசம் கழிச்சு தேடிப் போனேன். நடுவுல ரெண்டு தடவதான் வந்திருந்தாங்க, அப்புறம் நின்னுட்டாங்க. அந்தத் தோப்புல பாதியில கன்னு வச்சிருந்தாங்க, பாதியில உளுந்து. பேத்தி ஒண்ணு இடுப்புல. பாரத்த எடுத்தேன், இந்தத் தடவ கேள்விய மாத்தாம அப்படியே கேட்டேன். எல்லாம் முடிஞ்சதும், எங்கிட்ட வந்து பேசுனது உங்களுக்கு ஒதவுச்சா பெரியம்மான்னு கேட்டேன், பாரத்துல இல்லாத கேள்வி, ஆச யார விட்டுச்சு. "ஒதவுச்சும்மா. இவ பொறந்தா, அதும் ஒதவுச்சு. நெவாரணம் வந்துச்சு, கெணத்துல தண்ணி வந்துச்சு. எது ஒதவுச்சுன்னு நான் எப்புடிம்மா பிரிச்சுச் சொல்றது"ன்னு சொல்லிட்டு, உக்காரு, டீ போடுறேன்னு உள்ள போனாங்க. நான் கூட்டிப் பாத்தேன், 7 வந்துச்சு. தேதியப் போட்டு எழுதிக்கிட்டேன்.

வணக்கங்க.