சொட்டுகிற குழாய்

வணக்கம் நேயர்களே. போன வாரம் அக்கா மகன் புது போனோடு அல்சூரில் என் வீட்டுக்கு வந்து, "மாமா, பழசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல, நீங்க சிப் வேலைதானே பாத்தீங்க, ஏன்னு சொல்லுங்க" என்றான். அன்று காபி கொடுத்துச் சமாளித்துவிட்டேன். இன்று மைக் கிடைத்திருக்கிறது.

சிப்பில் வைக்கும் உறுப்புகள் வருடா வருடம் இரட்டிப்பாகின்றன, பத்து வருடத்துக்கு இப்படியே போகும் என்று, பின்னாளில் இன்டெல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-ல் எழுதினார். 1975-ல் அவரே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டார். மூர் விதி என்கிறோமே தவிர அது விதியே இல்லை, ஒரு கணிப்பு, அதைப் பொய்யாகவிடாமல் உலகம் முழுக்க இஞ்சினியர்கள் தூக்கம் கெட்டு உழைத்தார்கள், அவ்வளவுதான். 1971-ல் இன்டெல் 4004 சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர், அதாவது கரண்டைத் திறந்து மூடும் குட்டி ஸ்விட்ச். 2020-ல் ஆப்பிளின் எம்1 சிப்பில் 1,600 கோடி.

ஆனால் இதோடு இலவசமாக இன்னொன்றும் வந்துகொண்டிருந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் வோல்டேஜையும் அதே அளவுக்குக் குறைக்கலாம், அதனால் அதே இடத்தில் நிறைய அடைத்து வேகமாக ஓட்டினாலும் சூடு ஏறாது என்று ஐபிஎம் இஞ்சினியர் ராபர்ட் டெனார்டும் கூட இருந்தவர்களும் 1974-ல் காட்டினார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் 1993-ல் 66 மெகாஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 6.6 கோடித் துடிப்பில் ஓடிய இன்டெல்லின் பென்டியம் சிப், 2000-ல் 1 கிகாஹெர்ட்ஸை, அதாவது 100 கோடித் துடிப்பைத் தொட்டது. சாஃப்ட்வேர்காரர்கள் எப்படி எழுதினாலும் அடுத்த சிப் காப்பாற்றிவிடும். சோம்பேறித்தனம் அப்போது பழகியதுதான், இன்னும் போகவில்லை.

வோல்டேஜ் 1 வோல்ட் பக்கம் வந்ததும் இறங்க மறுத்தது. ஏனென்றால், அதற்குக் கீழே டிரான்சிஸ்டர் சரியாக மூடாது, மூடிய குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு குழாய் சொட்டினால் போகட்டும் என்று விடலாம், பத்துக் கோடி குழாய் சொட்டினால்? டேங்கர் தண்ணீர் வாங்குகிற பெங்களூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் செய்த ஒரு சிப், லேபில் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் இல்லாமல் பத்து நிமிடம் தாங்கவில்லை. பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதிதான்: 2004-ல் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் திட்டத்தையே கைவிட்டது. இருபது வருடம் கழித்தும் 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கிறோம். பதிலுக்கு ஒரே சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகளை, அதாவது கோர்களைக் கூட்டினார்கள், நாமும் வளர்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

டிரான்சிஸ்டரின் அளவு மாதிரி '3 நானோமீட்டர்' என்று விளம்பரத்தில் வருவதும் வெறும் பெயர்தான். அந்தச் சிப்பில் டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பகுதியான கேட் ஒன்றுக்கும் அடுத்த கேட்டுக்கும் இடைவெளியே 45, 50 நானோமீட்டர் இருக்கும். சரி, அப்படியானால் இன்னும் சிறிதாக்க இடம் இருக்கிறதே என்றால், இருக்கிறது, பணம்தான் வேண்டும். சிப்பில் அவ்வளவு நுண்ணிய கோடுகளை வரையும் ஈயூவி (அதீதப் புற ஊதா ஒளி) மெஷினைச் செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும். உருகிய வெள்ளீயத் துளிகளை வினாடிக்கு 50,000 வீதம் லேசரால் அடித்து, அதில் கிளம்பும் ஒளியில் வரைகிறார்கள். ஒரு மெஷின் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். நானாக இருந்தால், இயற்பியல் கதவை மூடுவதற்கு முன்னால் கணக்குப்பிள்ளை மூடிவிடுவார் என்றுதான் பந்தயம் கட்டுவேன்.

அதற்குள் சிப்பை மாடிமேல் மாடியாக அடுக்குவார்கள், ஒரே வேலைக்கென்று தனிச் சிப் செய்வார்கள், முடிந்தால் யாராவது புரோகிராமையும் ஒழுங்காக எழுதுவார்கள்.

இதையெல்லாம் சொல்லி, பழைய போனையே இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொள்ளடா என்று சொல்ல நேற்று அவனைக் கூப்பிட்டேன். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துத்தான் புதுசையே வாங்கினானாம்.