கப்பல் எண்ணும் மனை எண்ணும்: டர்பன் தமிழர்களின் பழைய இணையப் பக்கங்கள்

[திரையில்: பழைய கணினி. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மேலிருந்து மெதுவாக இறங்கி வருகிறது]

முதலில் சுவர் தெரியும். அப்புறம் நரைத்த முடி, நெற்றி, பொட்டு. கண்கள் வருவதற்குள் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்துவிடுவார்: "போனை விடுடா, அத்தைகிட்ட பேசணும்!" வீட்டில் ஒரே தொலைபேசி இணைப்பு. இணையமும் அதே கம்பியில்தான் வரும். 56கே மோடத்தில் நொடிக்கு நாலைந்து கிலோபைட் கிடைத்தாலே பெரிய விஷயம். 60 கிலோபைட் படம் முழுசாக வர கால் நிமிடம் ஆகும். அந்தக் கால் நிமிடமும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

படத்தில் இருப்பவர் என் மாமாவின் ஆயா, அதாவது பாட்டி. மாமா 1998இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்து, அவருக்காக ஒரு இணையப் பக்கம் கட்டினார். எழுதினார் என்று சொல்ல மனசு வரவில்லை. கட்டினார் என்பதுதான் சரி. ஏன் என்று சொல்கிறேன்.

[திரையில்: ஜியோசிட்டீஸ் முகப்பு]

1994இல் அமெரிக்காவில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் தொடங்கிய சேவைதான் பின்னால் ஜியோசிட்டீஸ் ஆனது. இணையப் பக்கம் வைக்க இடம் இலவசம். ஆனால் முதலில் ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினிப் பித்தர்களுக்கு சிலிக்கான்வேலி, சினிமாக்காரர்களுக்கு ஹாலிவுட், படிப்பும் தத்துவமும் பேசுபவர்களுக்கு ஏதென்ஸ், குடும்பக் கதை சொல்பவர்களுக்கு ஹார்ட்லேண்ட். பேட்டைக்குள் காலியாக இருக்கும் ஒரு மனையின் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தின் முகவரியே அந்தப் பேட்டையும் அந்த எண்ணும்தான். மாமா ஹார்ட்லேண்டில் குடியேறினார்.

வேலை முழுக்க நோட்பேடில். எச்டிஎம்எல் என்பது எழுத்துக்கு முன்னும் பின்னும் போடும் குறிகள். தடித்த எழுத்து வேண்டுமென்றால் ஒரு குறியைத் திறக்கணும், முடிந்ததும் மூடணும். மூட மறந்தால் பக்கம் முழுக்கத் தடித்துப்போய் நிற்கும். யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. பிடித்த பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் பின்னால் உள்ள குறிகளைப் பார்த்து, அந்த வரியை எடுத்து நம் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். ஓடும் எழுத்து, மண்வெட்டியோடு நிற்கும் 'வேலை நடக்கிறது' படம், வந்தவர்களை எண்ணும் கருவி எல்லாம் அப்படித்தான் பக்கத்துக்குப் பக்கம் பரவின. கண்ணைப் பறிக்கும் நிறங்கள் என்று இப்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அவை அழகு. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

சரி, தமிழ் எப்படி வந்தது?

பக்கத்தின் உள்ளே இருந்தது ஆங்கிலம்தான். இங்கே மாமா தலைமுறையில் தமிழ் பேசுபவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தலைப்பு தமிழில் இருந்தே ஆக வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் கணக்கான யூனிகோட் அன்று வீடுகளுக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு தனிக் கணக்கு. பிறகு பலரும் கூடித் தமிழுக்குப் பொதுவாக வகுத்த திஸ்கி என்ற கணக்கிலும்கூட, படிப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் 'தமிழ்' என்ற சொல் இப்படித்தான் தெரியும்: முக்கால் என்ற பின்னம், தலையில் கோடு போட்ட ஏ, ஒரு சென்ட் குறி, கோடு போட்ட யூ. மாமா வேறு வழி பார்த்தார். தமிழ்ப் பள்ளி வாத்தியாரிடம் வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதி வாங்கி, அதை ஸ்கேன் செய்து படமாகப் போட்டார். 'ங'வின் வளைவில் மை கொஞ்சம் பரவியிருக்கும்.

[திரையில்: பழைய கப்பல் பதிவேட்டின் பக்கம்]

தலைப்புக்குக் கீழே ஆயாவின் எண். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. எண் கையில் இருந்தால் கிராமம் வரை போய்விடலாம். எண் தொலைந்த குடும்பம் திணறிப்போகும். மாமா அந்த வரியை எழுத்து மாறாமல் தட்டச்சு செய்திருந்தார், தழும்பு உட்பட.

இன்னொன்றும் சொல்லணும். இங்கே ஆங்கிலத்தில் எழுதும்போது நாயுடுவுக்குக் கடைசியில் இரண்டு ஓ. கவுண்டர் கவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். குமாஸ்தாக்களின் காதில் விழுந்தது அப்படி. தேடல் கருவிகள் வந்த பிறகு அந்த எழுத்துப்பிழையே எங்களுக்கு அடையாளமானது. ஆல்டாவிஸ்டாவில் இரண்டு ஓ போட்டு நாயுடுவைத் தேடினால் ஆந்திராவும் சென்னையும் விலகிக்கொள்ளும். டர்பன், டோங்காட், வெருலம் மக்களாக வருவார்கள். இப்படித் தேடி வந்தவர்கள்தான் மாமாவின் விருந்தினர் ஏட்டில் எழுதினார்கள்.

எனக்கு அந்த ஏடுதான் பக்கத்தின் உயிர். விருப்பக்குறி இட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. பெயர், ஊர், இரண்டு வரி எழுதணும். எழுதியவர் தன் பக்கத்தின் முகவரியையும் விட்டுப்போவார். அதைப் பிடித்துக்கொண்டு நாம் அவர் வீட்டுக்குப் போவோம்.

[திரையில்: 2009]

1999இல் யாகூ ஜியோசிட்டீஸைச் சுமார் 357 கோடி டாலருக்கு வாங்கியது. 2009 அக்டோபர் 26இல் மூடியது. மூடுவதற்கு முன் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் இரவு பகலாக நகல் எடுத்து, 600 ஜிகாபைட்டுக்கு மேல் காப்பாற்றி, அடுத்த ஆண்டு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் ஏராளமான பக்கங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது பக்கம் வைத்திருந்தால், பேட்டையும் நாலு இலக்க எண்ணும் நினைவிருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். அந்த முகவரியை அப்படியே கொடுத்துத் தேடலாம்.

மாமாவின் பக்கம் கிடைத்தது. கப்பல் எண் இருக்கிறது, தழும்பு இருக்கிறது, வாத்தியாரின் எழுத்தும் இருக்கிறது. ஆயாவின் படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம். விருந்தினர் ஏடு வேறொரு நிறுவனத்தின் கணினியில் இருந்தது. அதை யாரும் நகல் எடுக்கவில்லை.

ஆனால் மாமா மாதா மாதம் அதை அச்சடித்து, ஓரத்தில் ஓட்டை போட்ட அந்த நீளத் தாள்களை மடித்து, ஆயாவின் பதிவேட்டு நகலோடு ஒரே கோப்பில் வைத்திருந்தார்.

[திரையில்: மங்கிய தாள். ஒரு வரியின் மேல் கேமரா நிற்கிறது]

இந்த வரியைப் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து ஒருவர். "எங்கள் தாத்தாவின் தங்கை சிறுபிள்ளையாகக் கப்பலேறிப் போனதாகச் சொல்வார்கள். இடது புருவத்தின் மேல் தழும்பு இருந்ததா?"

இருந்தது.