புதுக் கணினிக்கு விரிதாள்: பணம் கட்டும் முன் உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள்

வணக்கம். மேசையில் இருப்பது என் புதுக் கணினி. வாங்கிப் பத்து நாள் ஆகிறது. இந்தப் பத்து நாளும் மாலை வேளையில் ஒரே வேலைதான் பார்த்தேன். கணக்கு எழுத, எக்செல் போல வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டம் போட்டிருக்கும் விரிதாள் மென்பொருள்களில் எதை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்தேன். இன்று அதைத்தான் பேசப் போகிறேன். அவ்வப்போது திரையையும் காட்டுகிறேன்.

கணினி வாங்கிய கையோடு விரிதாளுக்குச் சந்தா கட்டிவிடாதீர்கள். பில் போடும்போதே "இதையும் சேர்த்துவிடலாமா?" என்று கேட்பார்கள். பெரிய தொகை கொடுக்கும் நேரத்தில் இது சின்னத் தொகையாகத் தெரியும், நாமும் தலையாட்டிவிடுவோம். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் பதினைந்து நாள் கழித்து வாங்கினாலும் அதே மென்பொருள்தான் கிடைக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் பழைய கணினியோடு ஒரு சோதனைப் பதிப்பு வந்தது. அதிலேயே கணக்கு எழுதிப் பழகிவிட்டேன். ஆண்டுக் கணக்கை முடிக்க உட்கார்ந்த இரவில் மேலே ஒரு பட்டை தோன்றியது. சோதனைக் காலம் முடிந்தது என்றது. கோப்பைத் திறக்க முடிந்தது, படிக்க முடிந்தது, அச்சிடவும் முடிந்தது. ஒரே ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியவில்லை. மறுநாள் காலை கணக்கைக் கொடுத்தாக வேண்டும். வேறு வழி தெரியாமல் அந்த நள்ளிரவில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். அந்த ஓராண்டில் நான் பயன்படுத்தியது கூட்டல், வடிகட்டல், இரண்டு வரைபடங்கள், அவ்வளவுதான். அவசரத்தில் கொடுத்த பணம் இன்றுவரை மனத்தில் உறுத்துகிறது.

ஆகவே இந்த முறை அவசரப்படவில்லை. விளம்பரம் சொல்லும் வசதிகளைப் பட்டியல் போடாமல், என்னிடம் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளில் மூன்றை எடுத்துக்கொண்டேன். ஒன்று, வீட்டு வரவு செலவு. மாதத்துக்கு ஒரு தாளாகப் பன்னிரண்டு தாள்கள், எல்லாவற்றையும் கூட்டிக் காட்ட ஒரு மொத்தத் தாள். இரண்டாவது, எங்கள் வாசகர் வட்டத்தின் உறுப்பினர் பட்டியல். பெயர்கள் எல்லாம் தமிழில் இருக்கும் சிஎஸ்வி கோப்பு அது, அதாவது விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாகச் சேமித்த கோப்பு. மூன்றாவது, என் அண்ணன் தொழிலுக்கு வைத்திருக்கும் இருப்புக் கணக்கு. பொத்தானை அழுத்தினால் தானே அறிக்கை தயாரிக்கும் மேக்ரோ அதில் உண்டு. இந்த மூன்றும் ஒழுங்காக ஓடினால் எனக்குப் போதும்.

முதலில் லிப்ரே ஆபீஸ். அதில் விரிதாளுக்குப் பெயர் கால்க். 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த திட்டம் இது. டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சோதனைக் காலம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, இணையம் இல்லாமலே வேலை செய்யும். பட்டிகளைத் தமிழில் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆப் ஸ்டோர்களில் இதற்கு ஒரு கட்டணம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து இறக்கினால் காசு இல்லை.

வீட்டுக் கணக்கைத் திறந்தேன். பன்னிரண்டு தாள்களும் வந்தன, மொத்தமும் சரியாக இருந்தது. வேறு மென்பொருளில் சேமித்த கோப்பைத் திறக்கும்போது கால்க் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடாமல் பழைய விடையையே காட்டக்கூடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், அத்தனை ஃபார்முலாவும் புதிதாகக் கணக்கிடப்படும். அதன் பிறகும் மொத்தம் மாறவில்லை என்றால் நிம்மதி. நான் அப்படித்தான் சரிபார்த்தேன்.

கை தடுமாறிய இடம் ஒன்று. எக்செலில் வேறொரு தாளைச் சுட்டுவதற்குத் தாளின் பெயருக்குப் பின் ஆச்சரியக்குறி போடுவோம். கால்க் அந்த இடத்தில் புள்ளியை எதிர்பார்க்கிறது. பழக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டேன், பிழை காட்டியது. அமைப்புகளில் கால்க் பகுதிக்குப் போய், ஃபார்முலா என்ற இடத்தில் எக்செல் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதோடு தீர்ந்தது. பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் எக்ஸ்லுக்அப் ஃபார்முலா இல்லையே என்று முன்பு பலர் குறைப்பட்டார்கள். 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பிலிருந்து அதுவும் வந்துவிட்டது.

அடுத்து உறுப்பினர் பட்டியல். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் காட்டுகிறேன், தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்குகிறோம். எதுவும் கேட்காமல் நேராகத் திறந்துவிடும் மென்பொருள் என்றால், சில நேரம் "கயல்விழி" என்ற பெயர் இருந்த இடத்தில் தலைக்கு மேல் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் சின்னச் சின்ன குறிகளும் வரிசையாக நிற்கும். கோப்பு கெட்டுவிடவில்லை. எழுத்துகள், தமிழ் உட்பட எல்லா மொழிகளையும் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் இருக்கின்றன, மென்பொருள் அவற்றை வேறு முறையில் படிக்கிறது. பதறிப்போய் அப்படியே சேமித்துவிட்டால்தான் பெயர்கள் நிரந்தரமாகப் போய்விடும்.

கால்க்கில் இதே கோப்பைத் திறக்கிறேன், பாருங்கள். தாள் திறப்பதற்கு முன்பே ஒரு சின்னச் சாளரம் வந்து எழுத்துமுறை என்ன, எதை வைத்து நெடுவரிசைகளைப் பிரிக்க வேண்டும் என்று கேட்கிறது. யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்ததும் கீழே முன்னோட்டத்தில் பெயர்கள் தமிழாக மாறுகின்றன. இன்னொரு வேலையும் இங்கேயே செய்கிறேன். தொலைபேசி எண் நெடுவரிசையைச் சொடுக்கி, அதன் வகையை 'உரை' என்று மாற்றுகிறேன். இல்லையென்றால் முதலில் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். கதவு எண்ணுக்கும் அப்படியே. 5/12 என்ற கதவு எண்ணை விரிதாள் தேதியாக எடுத்துக்கொள்ளும். இது நமக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்று குறியீட்டுப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றி ஆய்வுத் தரவுகளைக் குழப்பியதால், மரபணுப் பெயர்களை முடிவு செய்யும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றியது.

மூன்றாவது கோப்பில் கால்க் நின்றுவிட்டது. அண்ணனின் மேக்ரோ பாதி ஓடியது, அறிக்கை வரவில்லை. எக்செல் மேக்ரோக்களை எழுதும் மொழி விபிஏ, அதற்குக் கால்க்கில் ஓரளவு ஆதரவுதான் உண்டு. நிறையத் தரவைத் திரட்டித் தொகுக்க எக்செலில் இருக்கும் பவர் குவெரி, பவர் பிவட் போன்றவையும் அதில் கிடையாது. அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: "நீங்கள் எக்செலிலேயே இருங்கள், உங்களுக்கு அந்தச் செலவு நியாயமானது." அவருக்குத் தினமும் அந்தப் பொத்தான் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

உலாவியிலேயே ஓடுபவை இரண்டு. கூகுள் ஷீட்ஸ் தனிநபருக்கு இலவசம். ஒரு கோப்பில் 1 கோடி செல்கள், அதாவது கட்டங்கள், வரை வைக்கலாம். இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்றால் இதை மிஞ்ச இலவசத்தில் நான் ஒன்றைப் பார்க்கவில்லை. வாசகர் வட்டத்தின் வருகைப் பதிவை இதில்தான் வைத்திருக்கிறோம். 15 ஜிபி இடம் தருகிறார்கள், ஆனால் அது மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்து. எக்செலின் இணையப் பதிப்பும் இலவசம், மைக்ரோசாஃப்ட் கணக்கு மட்டும் வேண்டும், 5 ஜிபி இடம். தோற்றம் பழகிய எக்செல்தான், ஆனால் விபிஏ மேக்ரோ ஓடாது. வீட்டுக் கணக்கை வெளியார் சேமிப்பகத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது என் விருப்பம்.

ஒன்லி ஆபீஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. கணினியில் நிறுவும் பதிப்பு இலவசம். எக்செல் பழகிய கண்ணுக்குக் கால்க்கை விட இது நெருக்கமாகத் தெரியும். மேக் வாங்கியவர்களுக்கு நம்பர்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், சந்தாவைத் தவிர ஒருமுறை வாங்கும் பதிப்பும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆபீஸ் 2024 அப்படிப்பட்டது. ஒரு கணினிக்கு மட்டும், புது வசதிகள் சேராது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 அக்டோபர் வரை வரும். மாணவர்கள் முதலில் கல்வி நிலையம் கொடுத்த மின்னஞ்சலை வைத்து மைக்ரோசாஃப்ட் தளத்தில் பாருங்கள். தகுதி இருந்தால் இலவசமாகவே கிடைக்கும்.

நம்ப முடியாத மலிவு விலையில் உரிமக் குறியீடு விற்பவர்களிடம் போகாதீர்கள். ஆபீஸ் 2016, 2019 ஆகியவற்றுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அவற்றைத்தான் பெரும்பாலும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பூட்டு உடைத்த பதிப்புகள் வேண்டவே வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கு திறக்கும் அதே கணினி அது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சேமிக்கும் வடிவத்தைக் கவனியுங்கள். எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும். இன்றைய எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வடிவத்தில் ஏற்றியது. வரம்பைத் தாண்டிய வரிசைகள் விழுந்துபோயின. 15,841 நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. கால்க்கில் அமைப்புகளுக்குள் 'ஏற்று, சேமி' பகுதியில் எந்த வடிவம் எப்போதும் வேண்டும் என்று ஒருமுறை சொல்லி வைத்துவிடலாம். மற்றவர்களுக்கு அனுப்பும் கோப்புகள் அதிகம் என்பதால் நான் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வைத்திருக்கிறேன். உங்களுக்கு மட்டுமான கோப்பு என்றால் ஓடிஎஸ் நல்லது. கால்க்கின் சொந்த வடிவம் அது, எதுவும் உருமாறாது.

இந்தப் புதுக் கணினியிலும் ஒரு சோதனைப் பதிப்பு வந்திருக்கிறது, இன்னும் இருபது நாள் பாக்கி என்கிறது. அதில் எந்தக் கோப்பும் மாட்டிக்கொள்ளவில்லை என்று காலையிலேயே பார்த்துவிட்டேன். மூன்று கோப்புகளின் நகலும் தனியாக ஒரு பென் டிரைவில் இருக்கிறது. இதோ அமைப்புகள், செயலிகள், இது. நீக்கு என்பதை அழுத்துகிறேன். ஓடிக்கொண்டிருக்கிறது, சற்று நேரம் எடுக்கும். அதற்குள் நீங்கள் அடிக்கடி திறக்கும் கோப்பில் எந்த ஃபார்முலா இருக்கிறது, மேக்ரோ உண்டா என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். மாதிரிக்கு அதே போல் ஒரு கோப்பு செய்து, கால்க்கில் ஓட்டிப் பார்த்து, அடுத்த வீடியோவில் திரையிலேயே காட்டுகிறேன்.