பைன் மரத்தோட சொந்தம் நம்ம நெல்லை மலையில! இலையை வெச்சே கண்டுபிடிக்கலாம்

கொடைக்கானல் பைன் காட்டுல போட்டோ எடுக்காதவங்க யாரு? அது அத்தனையும் வெளியில இருந்து கொண்டுவந்து நட்ட மரம். தென்னிந்தியக் காட்டுல தானா முளைச்சு வாழுற கோனிஃபர், அதாவது பைன் சேர்ந்த ஊசியிலை மரக் கூட்டத்து மரம், ஒண்ணே ஒண்ணுதான். அது நம்ம களக்காடு முண்டந்துறை மலையிலயும் இருக்கு. பேரு நாகேயா வாலிச்சியானா. குடும்பம் போடோகார்ப்பேசி. வகைப்பாடு அவ்வளவு போதும், இலைக்கு வாங்க.

[திரையில்: வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்ச இலை]

ஒரு மாவிலையையும் பக்கத்துல வெச்சுக்கோங்க. மாவிலையில நடுநரம்பு தடிப்பா ஓடும், அதுல இருந்து பக்க நரம்புகள் பிரியும். நாகேயாவுல நடுநரம்பே கிடையாது! காம்புல இருந்து நுனி வரைக்கும் மெல்லிசான நரம்புகள் பக்கத்துல பக்கத்துல இணையா ஓடுது. மூங்கிலுக்கும் இணை நரம்புதானேன்னு கேப்பீங்க. மூங்கில் இலைக்கு நடுநரம்பு உண்டு. அதே காட்டுல நீட்டம் கொடியும் இருக்கு, அதுக்கும் இலை எதிரெதிராத்தான், ஆனா நரம்பு வலை மாதிரி பின்னியிருக்கும். நாகேயா இலை தடிப்பு, அகலம், ஜோடி ஜோடியா நிக்கும். ஊசி இலையைத் தேடிப் போனீங்கன்னா மரத்தடியில நின்னுக்கிட்டே தவறவிட்டுடுவீங்க. உயரமான மரம், கிளை கைக்கு எட்டாது. கீழ உதிர்ந்த இலையைப் பாருங்க. எனக்கு இந்தக் காட்டுலயே ரொம்பப் பிடிச்ச இலை இதுதான்.

மரக்கூம்பும் தேடாதீங்க. சதைப்பத்தான காம்பு மேல ஒரு உருண்டை விதை உக்காந்திருக்கும்.

வடகிழக்கு இந்தியாவுல இருந்து நியூ கினி வரைக்கும் இந்த இனம் இருக்கு. ஆனா மேற்குத் தொடர்ச்சி மலையில அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான். ஆண் மரம் வேற, பெண் மரம் வேற, மகரந்தத்தைக் காத்துதான் கொண்டுபோகணும். இதே மலையில 1929-ல சிங்கம்பட்டி ஜமீன் குத்தகைக்கு விட்ட சோலைக்காடு தேயிலைத் தோட்டமாச்சு. அப்படித் துண்டான காட்டுல பக்கத்துல ஆண் மரம் இல்லாம நிக்கிற பெண் மரத்துல முளைக்கிற விதை எப்படி வரும்?

அம்பாசமுத்திரத்துல வீட்டுப் பின்னாடி வைக்கலாமான்னு யோசிக்காதீங்க, அந்த வெயிலுக்கான மரம் இல்ல. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்க விதை எடுக்கக்கூட வனத்துறை அனுமதி வேணும். அனுமதியோட காடு மீட்கிறவங்களுக்குச் சொல்றேன்: விதையை வெயில்ல காயப்போடாதீங்க. சதையைக் கழுவிட்டு, உடனே ஈர மணல்ல, நிழல்ல விதைங்க. கன்னுல ஆண் பெண் தெரியாது, பல வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அதனால தனித்தனியா நடாதீங்க. ஆண் பெண் பாதிக்குப் பாதின்னு வெச்சா, ரெண்டு கன்னும் ஒரே பாலினமா அமைய ரெண்டுல ஒரு வாய்ப்பு. ஆறு கன்னு கூட்டமா நட்டா ஆறும் ஒரே பாலினமா அமைய 32-ல ஒரு வாய்ப்புதான். அந்த ஆறையும் ஒரே தாய்மரத்துல இருந்து எடுக்காதீங்க.