சுவரோடு சுவராக: நடிகர் கான்ராட் ஃபைட்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மன் நடிகர் கான்ராட் ஃபைட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் பழக்கமில்லை என்றாலும் முகம் பழகியிருக்கலாம். 1940-இல் வந்த ஆங்கிலப் படம் ‘பாக்தாத் திருடன்’. அதில் மைசூர்ப் பையன் சாபுவை நாயாக மாற்றிவிடுகிற மந்திரவாதி ஜாஃபர் இவர்தான்.

1893-இல் பெர்லினில் பிறந்தவர். புகழ்பெற்ற நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடக அரங்கில் தொழில் கற்றார். முதல் உலகப் போரில் கிழக்குப் போர்முனைக்குப் போனார். மஞ்சள் காமாலையும் நிமோனியாவும் தாக்கவே, படையிலிருந்து விடுவித்தார்கள். மறுபடி மேடைக்கே வந்தார். 1917-இலிருந்து சினிமா. ஆனால் அந்த மேடைப் பயிற்சியை மறந்துவிடாதீர்கள். இவர் விஷயத்தில் எல்லாமே அங்கிருந்துதான் வருகிறது.

அன்றைய பிலிமில் சிவப்பு பதிவாகாது. உதடு கறுப்பாக விழும், நீலக் கண் வெளிறிப்போகும். அதைச் சரிக்கட்ட முகத்துக்கு வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றி மை. அவ்வளவு பூசியபின் முகத்தின் நுணுக்கம் பாதி போய்விடும். மிச்சத்தை உடம்புதான் சொல்லவேண்டும்.

இப்போது ‘டாக்டர் காலிகாரி’க்கு வருவோம். 1920, இயக்கம் ராபர்ட் வீனே. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். செட் எல்லாம் கோணல்மாணலாகத் துணியில் வரைந்தது. நிழலைக்கூடப் பெயிண்டில் தீட்டிவிட்டார்கள். அங்கே ஒருவர் சாதாரணமாக நடந்துபோனால் என்ன ஆகும்? ஆள் நிஜம், சுவர் சித்திரம் என்று கண்ணை உறுத்தும். அந்தப் படத்திலேயே சிலருக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஃபைட்டுக்கு ஆகவில்லை. தூக்கத்தில் நடக்கும் சேசாரேவாக வருகிறார். உடம்பை ஒட்டிய கறுப்பு உடை. சுவரோடு ஒட்டி, ஒரு கையை நீட்டியபடி, வழுக்குவதுபோல நகர்கிறார். சுவரில் தீட்டிய கோடுகளில் ஒன்று பிரிந்து வந்ததோ என்று தோன்றும். அவர் கண் விழிக்கும் காட்சியும் அப்படித்தான். முதலில் முகத்தில் ஒரு துடிப்பு. பிறகு இமை பிரிகிறது, மெல்ல, மிக மெல்ல. கடைசியில் கண் முழுக்க விரிகிறது. அவசரப்பட்டிருந்தால் காட்சியே கெட்டிருக்கும். மேடையில் நின்று பழகிய பொறுமை அது.

1928-இல் ஹாலிவுட்டில் ‘சிரிக்கும் மனிதன்’. வாயின் இரு ஓரத்தையும் இழுத்துப் பிடிக்கக் கொக்கி வைத்த பொய்ப்பல் செட். அதை மாட்டினால் பேச முடியாது. மௌனப் படம் என்பதால் பிழைத்தது. வாய் சிரித்தபடியே உறைந்திருக்க, துக்கம் முழுவதையும் கண்ணும் நெற்றியுமே சுமந்தன. பேட்மேன் கதையின் ஜோக்கர் முகத்துக்கு முன்மாதிரி இந்த முகம்தான்.

நேரம் குறைவாக இருப்பதால் மற்றதைச் சுருக்கிக்கொள்கிறேன். பேசும் படம் வந்ததும் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். இனம் எது என்று கேட்ட படிவத்தில், யூதரல்லாத இவர் ‘யூதர்’ என்று எழுதிக்கொடுத்தார். மனைவி லில்லி யூதர். இருவரும் இங்கிலாந்துக்குப் போனார்கள். பிறகு மறுபடி ஹாலிவுட். ‘காசாபிளாங்கா’ படத்தில் நாஜி மேஜர் ஸ்ட்ராசராக நடித்தார். அதை விரிவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். 1943 ஏப்ரல் 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்ஃப் ஆடும்போது மாரடைப்பில் இறந்தார். வயது 50.

படம் பார்க்க விரும்புகிறவர்கள் ‘காலிகாரி’யில் தொடங்குங்கள். 2014-இல் சீரமைத்த பிரதியாகத் தேடிப் பாருங்கள். தேய்ந்த பழைய பிரதிகளில் அந்த இமைத் துடிப்பு தெரியாது. வணக்கம்.